இல்லை என்று ஆடிய தலை

மண்டையோடு வந்த அன்று நான் ஏற்கெனவே எரிச்சலில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுது. அடித்தளத்துக்குப் படியிறங்கி, குழாய் கசிந்து பாசி பிடித்த நடைபாதையைத் தாண்டினால் கடைசியில் எங்கள் பல் ஸ்கேன் அறை. ஜன்னல் கிடையாது. ஈயத்தகடு வைத்த கதவைச் சாத்திவிட்டால் வெளியே பகலா இரவா என்றே தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தடித்த கண்ணாடி, ஒரு கணினி, இரண்டு நாற்காலி. அதுதான் என் சாம்ராஜ்யம்.

ஸ்கேன் எடுப்பவரை எல்லோரும் ‘ஆடாதீங்க அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எடுக்கும்போது தலை கொஞ்சம் அசைந்தாலும் படம் இரட்டை இரட்டையாக விழுந்து பாழாகிவிடும். அதனால் காலையிலிருந்து மாலைவரை மைக்கில் “ஆடாதீங்க, ஆடாதீங்க” என்பதுதான் அவர் பேச்சு. வீட்டிலும் அதே பேச்சுதான் என்று கேள்வி.

“டாக்டர், இன்னைக்கு வந்திருக்கிற ஆளு ரொம்பத் தங்கமான ஆளு. சொல்லாமலே ஆடாது,” என்று அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார்.

உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு பெண்ணின் மண்டையோடும் தாடையும் இருந்தன. ஈரமண் வாசனை அறை முழுக்கப் பரவியது. பழைய வீடு ஒன்றை இடித்தபோது குளியலறைத் தரைக்கு அடியில் கிடைத்தவள். அந்த வீட்டில் முன்பு குடியிருந்த ஒருவனின் மனைவி சில வருஷங்களுக்கு முன் காணாமல் போயிருந்தாள். எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அவன் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள், அவளுடைய அக்காவைத் தவிர.

இப்போது எலும்பு கிடைத்ததும் அவன் கதையை மாற்றவில்லை. இது வீடு கட்டுவதற்கு முன்பே புதைத்த யாரோ வயதான அம்மாவாக இருக்கும் என்றான். தண்ணீரும் சுண்ணாம்பும் ஊறி எலும்பு கெட்டுப்போயிருந்ததால் மரபணுச் சோதனை கைவிரித்துவிட்டது. மிச்சம் பல்தான். பல் இளமை என்று சொன்னால் அவன் மாட்டினான். முதுமை என்று சொன்னால் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

எங்கள் துறைத் தலைவர் வெறும் கண்ணால் பார்த்தே முடிவு கட்டியிருந்தார். கடைவாய்ப் பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. “அம்பதைத் தாண்டினவ. இதுக்கு ஸ்கேன் வேறயா?” என்று போலீசிடமே சொல்லிவிட்டார். நான்தான் ஸ்கேன் எடுத்தே தீருவேன் என்று நின்றேன். அந்த அக்கா காலையிலிருந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

பல்லுக்குள் நரம்பும் ரத்தமும் குடியிருக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. வயது ஏற ஏற அதன் சுவர் உள்பக்கமாகத் தடித்து, அறை சுருங்கிக்கொண்டே போகும். உயிர் போன நாளோடு அதுவும் நின்றுவிடும். பல்லில் அந்த அறை எவ்வளவு பங்கு என்று ஸ்கேனில் அளந்தால் ஆளின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

மண்டையோட்டைத் தாங்கியில் வைத்து, தாடையைப் பொருத்தி, அண்ணன் பெல்ட்டால் இறுக்கினார். கணினி வழக்கம்போல் வயதைக் கேட்டது. அந்தக் கட்டத்தில் எதைப் போட்டாலும் அளவு மாறாது; ஆனால் காலியாக விட்டால் இயந்திரம் ஓடாது. தலைவர் சொன்னாரே என்று அண்ணன் ஐம்பத்தைந்து என்று போட்டார்.

படம் பாழ். ஒவ்வொரு பல்லும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

“என்னண்ணே, சரியா கட்டலையா?”

“பெல்ட்டு, டேப்பு, பஞ்சு எல்லாம் வச்சு இறுக்கியிருக்கேன் டாக்டர். என் மாமியாரா இருந்தாக்கூட ஆடியிருக்க முடியாது.”

மறுபடி எடுத்தோம். முன்னைவிட மோசம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரை அதிர்ந்திருந்தால் தாங்கியும் சேர்ந்து கலங்கியிருக்கும். தாங்கியின் விளிம்பு கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்தது. கலங்கியிருந்தது தலை மட்டும்தான். அதுவும் மேலும் கீழுமாக அல்ல.

பக்கவாட்டில்.

ஊசி போடலாமா என்று கேட்டால் குழந்தைகள் இப்படித்தான் தலையை ஆட்டும்.

இல்லை. இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மிக மெதுவாக. நற… நற… நற… கல்லோடு கல் உரசுவதுபோல் இருந்தது. நின்றது. மறுபடி தொடங்கியது.

“மோட்டார் சத்தம்தான் டாக்டர்,” என்று அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்தார். இயந்திரத்தின் விளக்குகள் அணைந்தன.

சத்தம் நிற்கவில்லை.

பயமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் பயத்தைவிட எனக்கு ரோஷம் ஜாஸ்தி. என் அறையில் என்னை யார் விரட்டுவது? விறுவிறுவென்று வெளியே போய் அக்காவின் முன்னால் நின்றேன்.

“உங்க தங்கச்சிக்குப் பல்லுல ஏதாவது பழக்கம் இருந்துச்சாம்மா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தூக்கத்துல பல்லக் கடிப்பா டாக்டரம்மா. சின்ன வயசுலேர்ந்தே. ஒரே கட்டில்லதான் படுப்போம். காதைப் பொத்திக்கிட்டுத் தூங்குவேன். இப்ப அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது…”

பேச்சு பாதியில் நின்றது. என் பின்னால் கதவு திறந்துதான் இருந்தது.

நற… நற…

அவள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. “உள்ளதான் இருக்கா,” என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

“காணாமப் போனப்ப அவளுக்கு என்ன வயசு?”

“இருபத்தேழு.”

திரும்பி வந்து மெயின் சுவிட்சைப் போட்டேன். “வயசை மாத்துங்கண்ணே. இருபத்தேழு.” அவர் மாற்றினார். பொத்தானை அழுத்துமுன், பழக்கதோஷத்தில் மைக் பக்கம் குனிந்தார்.

“ஆடாதம்மா,” என்றார்.

சத்தம் நின்றது.

இயந்திரத்தின் கை மண்டையோட்டைச் சுற்றி வந்து முடித்தது. இத்தனை வருஷத்தில் உயிருள்ள யாரும் எனக்கு அவ்வளவு தெளிவான படம் தந்ததில்லை. பற்களின் மேல்பக்கம் மொட்டை. உள்ளே அறைகள் அகலமாக, சின்ன வயசுக்காரிக்கு இருக்க வேண்டியபடியே இருந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால் இருபத்து நான்குக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் வந்தது.

முடிவைக் கேள்விப்பட்டுத் தலைவர் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தார். “தேய்மானம் உங்க கண்ணுக்குத் தெரியலையா டாக்டர்?”

“தெரியுது சார். பல்லக் கடிக்கிறவங்களுக்குச் சின்ன வயசுலயே இப்படித் தேயும். அம்பது வயசுக்காரிக்கு உள்ள இவ்வளவு பெரிய அறை எங்கேர்ந்து சார் வரும்?”

“போலீஸ்கிட்ட நான் சொல்லியாச்சு. என் பேரு என்னாகிறது? உங்க புரமோஷன் ஃபைல் என் மேசையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கங்க.”

“இருக்கட்டும் சார். அதுக்கும் கொஞ்சம் வயசாகட்டும்.”

அண்ணன் சிரிப்பை அடக்க இருமினார். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. இயந்திரம்தான் கோளாறு என்று நிரூபிக்கிறேன் பார் என்று அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருபத்தேழை அழித்தார். ஐம்பத்தைந்து என்று அடித்தார். பொத்தானை அழுத்தினார்.

மூன்று பேரும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இயந்திரத்தின் கை சுற்றத் தொடங்கியது.

பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது.

அந்தப் பெல்ட்டுக்குள்ளேயே தலை திரும்பியது. மெதுவாக இந்தப் பக்கம். அப்புறம் அந்தப் பக்கம். அப்புறம் நேராகக் கண்ணாடியைப் பார்த்து நின்றது. தாடை மட்டும் அசைந்தது.

நற… நற… நற…

தலைவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். எழுந்து படியேறிப் போய்விட்டார். என் கையெழுத்தோடு அறிக்கை அன்றைக்கே போலீசுக்குப் போனது. அந்த வாரமே புருஷனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வழக்கு முடியும்வரை எரிக்கக் கூடாது, புதைக்க மட்டும்தான் அனுமதி என்ற நிபந்தனையோடு எலும்பை அக்காவிடம் ஒப்படைத்தார்கள். பெட்டியை வாங்கியபோது அவள், “வாடி, வீட்டுக்குப் போகலாம்,” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவனை அழைத்துவந்தார்கள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காகிதத்தைப் படித்த பிறகுதான் அவன் யார் என்று தெரிந்தது. அந்தப் புருஷன்.

“பல் வலின்னு தினமும் கத்துறான் டாக்டர்,” என்றார் போலீஸ்காரர்.

“வலி இல்லைங்க,” என்றான் அவன். குரல் எழும்பவே இல்லை. “யாரோ காதுகிட்ட வந்து பல்லக் கடிக்கிறாங்க. தூங்க விடமாட்டேங்கிறாங்க.”

“இவனைத் தனி செல்லுலதாங்க வச்சிருக்கோம். கூட யாருமே கிடையாது.”

உட்காரவைத்தோம். அண்ணன் அவன் வயதைப் போட்டு, “ஆடாதீங்க,” என்றார். அவன் ஆடவில்லை. கண்ணை எடுக்காமல் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். கல் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

படம் திரையில் வந்தது.

அவனுடைய தாடை முழுக்கக் கலங்கி, இரட்டை இரட்டையாக விழுந்திருந்தது. அதற்குப் பின்னால், அவன் வலது காதை ஒட்டினாற்போல், இன்னொரு தாடை இருந்தது.

அது துளியும் கலங்கவில்லை.

கடைவாய்ப் பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. உள்ளே அறைகள் அகலமாக இருந்தன.

அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. திரையில் ஒரு புதுக் கட்டம் தானாகத் திறந்திருந்தது. “டாக்டர்,” என்று கிசுகிசுத்தார், “ரெண்டாவது ஆளுக்கு வயசு கேக்குது.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“இருபத்தேழுன்னு போடுங்கண்ணே,” என்றேன்.