காற்று குறைந்த அறை

"ஹலோ... யாரு நீங்க? முதல்ல வெளிய வாங்க!"

கண்ணாடிக்கு அப்பால் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். மழையில் நனைந்த தலை... தூக்கத்துக்குக் கெஞ்சும் பெரிய கண்கள்...

"டிரெஸ் மாத்துற ரூம் இதில்லையா?"

"இது ஆக்சிஜனைக் குறைச்சு வெச்சிருக்கற ரூம். மலை உச்சியில ஓடற மாதிரி இதுல ஓடிப் பழகுவாங்க. வாசல்ல அவ்ளோ பெரிய போர்டு இருக்கே, கண்ணு எங்க இருந்துச்சு?"

"அதானே பாத்தேன்... உங்களப் பாத்ததும் மூச்சு முட்டுச்சு. ரூம்தான் காரணமா!"

வாயைப் பார், என்று உள்ளுக்குள் பொரிந்தாள் அவள். சிரிப்பை மட்டும் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பதும் அறிக்கையில் கையெழுத்திடுவதும் அவள் வேலை. அவன் ஓட்டக்காரன். வைரஸ் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்து எழுந்தவன். இருபதே நாளில் அணித் தேர்வு. அந்த அறையில் பயிற்சி எடுத்தால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று அவனைச் சேர்த்துவிட்டவர் பயிற்சியாளர்... அவனுடைய சொந்த அண்ணன்.

காலையில் கண் விழித்ததும் அவன் நாடித்துடிப்பை எண்ணித் தன் பழைய பயிற்சி நோட்டில் எழுத வேண்டும். ஐந்து நாளும் தங்கமான எண்கள். ஆறாம் நாள் அதே நோட்டைப் பின்னால் புரட்டியவளுக்குச் சுருக்கென்றது. காய்ச்சலுக்கு முந்தைய வாரத்து எண்களை ஒன்று விடாமல் வரிசையாகக் காப்பியடித்திருந்தான்! ரத்தமும் அவனைக் காட்டிக்கொடுத்தது. வெள்ளை அணுக்கள் இன்னும் ஏறவேயில்லை. கிருமியோடு மல்லுக்கட்டிக் களைத்த உடம்பு. இப்போது மூச்சுக்கும் ஏங்க வைத்தால் மறுபடி படுத்துவிடலாம்.

"நிஜத் துடிப்பு எவ்ளோ?"

தலை குனிந்தான். "எழுபத்தெட்டு... வழக்கமா ஐம்பதுதான் இருக்கும். ப்ளீஸ்ங்க, இந்த ஒரு தடவை விட்டுடுங்க. மூணு வருஷ உழைப்பு. அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் 'பயிற்சி வேண்டாம், ஓய்வு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"நல்லா இருங்க!" என்று நோட்டை மேசையில் எறிந்துவிட்டுப் போனான்.

தேர்வு அவன் இல்லாமலே நடந்து முடிந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்தாள்... யார் யாரோ வந்தார்கள். செய்தது சரி என்று தெரிந்தும் ஏன் இப்படி வலிக்கிறது?

ஏழாம் வாரம் வந்து நின்றான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"'உடம்பு சரியாகலைன்னு என்கிட்டயேவாடா மறைச்சே'ன்னு அண்ணன் அழுதுட்டார். அவர் அழுது நான் பாத்ததே இல்ல..." கொஞ்சம் தயங்கினான். "அன்னிக்கு நான் அப்படி எறிஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க. அடுத்த தேர்வுக்கு டெஸ்ட் எடுக்கணும்."

"பக்கத்து ரூமுக்குப் போங்க. உங்க ஃபைலை அங்க இருக்கறவங்ககிட்ட மாத்திட்டேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. "என்னைப் பாக்கவே பிடிக்கலையா?"

"அப்படியில்ல..."

"பின்ன?"

வெளியே மழை வலுத்தது. அவள் ஏற்கெனவே அடுக்கிய ரத்த மாதிரிக் குப்பிகளை மறுபடி அடுக்கினாள்.

"சொந்தக்காரங்க, மனசுக்கு வேண்டியவங்க... இவங்க ரிப்போர்ட்டுல நாங்க கையெழுத்துப் போடக் கூடாது. இங்க அதான் ரூல்."

"நான் உங்களுக்குச் சொந்தமில்லையே?"

"இல்ல..." என்றாள். பிறகு, வருவது வரட்டும் என்று நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொன்னேன்ல?"