பெருத்துப் போனவள்

"மாமி, இன்னொரு ரொட்டி வேணும்."

கேட்டேவிட்டாள் பூரணி. புகுந்த வீட்டில் இரண்டாம் தடவை கேட்கவே கூடாது என்று தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குப் பெயர் அடக்கமாம்! சொல்கிறவர்கள் எட்டு மாத வயிற்றோடு தேயிலைக் கொழுந்துக்கூடை சுமந்து பார்க்கட்டும்.

அடுப்படியில் மாமியார் பேச்சியம்மாவின் கை அப்படியே நின்றது.

"இன்னொண்ணா? அரை வயித்துக்குப் போட்டே இம்புட்டுப் பெருத்திருக்க! மூஞ்சியப் பாரு, பூசணிக்கா மாதிரி... எவ வீட்டு அடுப்படியில கைய வைக்கிற? லயத்து வரிசை வீடெல்லாம் சிரிக்குதுடி!"

பிள்ளை பெருத்தால் பிரசவம் சிக்கலாகும். ஆகவே ஐந்தாம் மாதத்திலிருந்து பாதிச் சாப்பாடு. அந்த வீட்டுச் சட்டம் அது. தலை சுற்றச் சுற்றக் கொழுந்தெடுத்தாள் பூரணி. ஆனாலும் உடம்பு ஊதிக்கொண்டே போனது. திருடித் தின்கிறாள் என்று முடிவாயிற்று. கணவன் சோலைமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பான். இன்றும் குடித்தான்.

"சொல்லுங்க மச்சான்... நான் திருடியா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத புள்ள. வேலைக்குப் பேர் குடுக்கணும், பெரட்டுக்கு நேரமாகுது."

அப்போதுதான் எல்லாரும் மிஸி என்று கூப்பிடும் தோட்டத்து மருத்துவச்சி பெற்றீசியா உள்ளே வந்தாள். பூரணிதான் முந்தின நாள் போய்ச் சொல்லியிருந்தாள்.

"கால நீட்டு."

கணுக்காலுக்கு மேல் பெருவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. மூடவேயில்லை.

"பாத்தீங்களா பேச்சியம்மா? இது தின்னு வந்த சதையில்ல, நீர்! புள்ளத்தாச்சி ஒடம்புல ஓமோன்னு ஒண்ணு சுரக்கும். அதுல கொஞ்சம் பெருக்கிறது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா மூஞ்சி வரைக்கும் வீங்குனா ஆபத்து. இன்னைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆஸ்பத்திரியா! எம்மக லெட்சுமிக்கு வயிறு முட்ட ஊட்டுனேன் மிஸி... புள்ள பெருத்துத்தானே செத்தா..."

"அவ புள்ள சின்னதும்மா. அவளுக்கும் இதே வீக்கம். வலிப்பு வந்துதான் போனா. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு கெஞ்சுனேன்... நீங்கதான் கதவச் சாத்துனீங்க."

பேச்சியம்மா சுவரோடு சரிந்தாள்.

"ஐயோ, நானா...! நீயும் அவள மாதிரி போயிருவியோன்னு பயந்துதான்டி பட்டினி போட்டேன்! என்னைய மன்னிச்சிரு தாயி!"

குனிய முடியாத வயிற்றோடு குனிந்து பூரணி அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். பிறகு பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயத்துல செஞ்சீங்க, சரி. ஆனா திருடின்னு சொன்னது லயம் முழுக்கக் கேட்டுச்சே மாமி?"

பேச்சியம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். பெரட்டுக்குக் கிளம்பிய பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எம் மருமக யாரு வீட்லயும் கை வைக்கலடி! நாந்தான் அவளப் பட்டினி போட்டேன்! நல்லாக் கேட்டுக்கங்க!"



பூரணி துணிமூட்டையை எடுத்தாள். இரவே கட்டி வைத்தது.

"நான்... கங்காணிகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன் புள்ள," என்று எழுந்தான் சோலைமலை.

"வர்றதுன்னா வாங்க. பஸ்ஸு உங்களுக்காக நிக்காது. நானும் நிக்கமாட்டேன்."

படியிறங்கினாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். வீங்கிய கால்தான், ஆனாலும் அவளுக்கு ஈடுகொடுக்க மருத்துவச்சி எட்டி நடக்கவேண்டியிருந்தது.