9.17 என்று பொறித்த வளையல்

காலை ஏழு மணிக்கு டாக்டர் பெனிட்டா பிரசவ வார்டுக்குள் வந்தபோது, சுவர்த்திரையில் அன்றைய பட்டியல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 7.42, 8.06, 8.51. நேரம் முதலில், தாயின் பெயர் அதற்குப் பிறகு.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு குழந்தைதான். பிறந்த நாளும் நிமிடமும் சேர்ந்ததே அதன் பிறப்பெண். பள்ளிக்கூடம், மருந்து, வேலை எல்லாம் அந்த எண்ணுக்கே கிடைக்கும். நிமிடத்தைப் பொழுதுக்கணிப்பி என்னும் அரசு இயந்திரம் முன்கூட்டியே ஒதுக்கிவிடும். வளைகாப்பில் அதை வெள்ளி வளையலில் பொறித்துக் கையில் போடுவார்கள். அந்த நிமிடத்தில் வயிற்றைத் திறப்பது மருத்துவரின் வேலை. இருபத்தாறு வருடங்களில் பெனிட்டா ஒரு நிமிடம்கூடத் தவறியதில்லை.

மாலை நான்கு மணிக்குச் செண்பகம் சுவரைப் பிடித்தபடி வந்தாள். அவள் வளையலில் இருந்தது மறுநாள் காலை 9.17.

"எப்பம்மா வலி வந்துச்சு?"

"விடியக்காலமே. சொன்னா ஊசி போட்டு நிறுத்திருவீங்கன்னு வாயப் பொத்திக்கிட்டே கெடந்தேன் டாக்டரம்மா."

"நல்லா பொத்துன போ," என்றார் நர்ஸ் சகாயம். "ஆட்டோக்காரரு காத அடைச்சுக்கிட்டுல்லா போறாரு."

செண்பகம் வலியோடு சிரித்தாள்.

முந்தி வரும் வலிக்குத் தடையூசி உண்டு. ஒதுக்கிய நிமிடம் வரும்வரை கருப்பையை அது அசையவிடாது. பெனிட்டா சோதித்துப் பார்த்தார். கருப்பை வாய் முழுதாகத் திறந்திருந்தது. ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி, மெல்ல ஏறியது. இனி நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பதினோரு வருடங்களுக்கு முன்பு செயந்தி என்பவளின் பிள்ளையைப் பதினான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார். சரியான நிமிடத்தில் பிறந்த அவன் அழவில்லை. இன்றும் அவனுக்குக் கழுத்து நிற்கவில்லை. ஆவணத்தில் 'குறையில்லை' என்று எழுதியது அவர்தான்.

திரையில் கண்காணிப்பாளர் ஞானதுரையின் முகம் தோன்றியது.

"ஊசி போட்டாச்சா டாக்டர்?"

"போடல சார். போடவும் மாட்டேன்."

"இப்ப பிறந்தா பிள்ளைக்கு எண் கிடையாது. உங்களுக்கு உரிமமும் கிடையாது."

"சார் பிறந்த நிமிஷத்த யாரு ஒதுக்குனா?"

"அது அந்தக் காலம்."

"அப்படிப் பிறந்தும் நல்லாத்தான இருக்கீங்க," என்று சொல்லித் திரையை அணைத்தார்.

4.31க்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வார்டே திரும்பிப் பார்க்க அழுதது. சகாயம் பதிவுப்பலகையில் நேரத்தைத் தட்டினார். 'இந்த நிமிடம் வேறொரு குழந்தைக்கு உரியது' என்று வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதுவேதான்.

பெனிட்டா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். 'செண்பகத்துக்குப் பெண் குழந்தை. 4.31. தானாகப் பிறந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த வரிகளுக்குக் கீழே இன்னும் எழுதினார்: 'செயந்தியின் மகன். பதினான்கு மணி நேரம் தடையூசி. போட்டது நான். குறையில்லை என்று எழுதியது பொய்.'

சகாயம் படித்தார். "பேனாவ இங்க தாங்க. ஒத்தக் கையெழுத்துன்னா கிழிச்சுப் போட்டுருவாங்க."

செண்பகம் வளையலைக் கழற்றினாள். "இது எம்பிள்ளைக்கு உள்ளது இல்ல." எஃகுத் தட்டில் அது கணீரென்று விழுந்தது.

மூன்றாம் கட்டிலில் இருந்தவளுக்கு ஒதுக்கிய நிமிடம் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. வீங்கிய கையில் சோப்பைத் தேய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வளையலை உருவினாள்.

"இதையும் வச்சுக்கிடுங்க டாக்டரம்மா. எனக்கும் அந்த ஊசி வேண்டாம். பிள்ள எப்ப வருதோ அப்ப வரட்டும்."

ஆறு மணிக்குள் தட்டில் ஐந்து வளையல்கள் சேர்ந்தன. திரை தானாக ஒளிர்ந்து அவர் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தது. பெனிட்டா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தாளில் அடுத்த பிறப்புகளுக்குக் கோடு போட்டுத் தாய்மாரின் பெயர்களை எழுதத் தொடங்கினார். நேரத்துக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டார்.