மூக்குத் துளை

பெருங்களத்தூர் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த பட்டறையின் ஷட்டரை ஷெர்வின் தூக்கினான். மனைவி கெசியாவை அடக்கம் செய்த பிறகு இன்றுதான் வருகிறான். உள்ளே பிளாஸ்டர் தூசியும் ஈரமும் கலந்த வாடை. வெட்டுண்ட தலை, ரத்தம் பீறிடும் கை, பிணம் என்று மேடைக்குச் செய்து தருவது அவன் தொழில்.

நாளை யூனிஸ் அக்கா மேடையேற்றும் ஓபரா, பாட்டாலேயே நடக்கும் நாடகம். கடைசிக் காட்சியில் ராணி செத்துக் கிடக்க வேண்டும். உடல் முன்பே தயார். முகம் இல்லை. பட்டறையில் இருந்த ஒரே பெண் முக அச்சு, கெசியாவை உட்கார வைத்து எடுத்தது.

“கஷ்டமா இருந்தா வேணாம்ப்பா. துணி போட்டு மூடிக்கறேன்,” என்றாள் யூனிஸ் போனில்.

“செஞ்சு தர்றேன்க்கா.”

அந்த பிளாஸ்டர் அச்சில் சிலிக்கோன் ரப்பரை ஊற்றினான். இறுகியதும் பிரித்தபோது அச்சு நொறுங்கிப்போனது. இனி இன்னொன்று வார்க்க முடியாது. அவள் முகமாக மிஞ்சியது இது ஒன்றுதான். கொடுத்தால் போய்விடும்.

அவனுக்கு அழுகை வரவில்லை. இமைமுடி ஒட்டினான். உதட்டுக்கு நிறம் தீட்டினான். உடலோடு பொருத்தி, முகத்தில் கண்ணாடித்தாள் சுற்றி, மரப்பெட்டியில் கிடத்தி மூடினான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பெட்டிக்குள் ஏதோ உரசியது.

எலியாக இருக்கும்.

பிறகு பலகையில் தட்டல். மெதுவாக. அப்புறம் அவசரமாக.

மூடியைத் திறந்தான். அசைவில்லை. ஆனால் கண்ணாடித்தாள் உள்ளிழுக்கப்பட்டு முகத்தோடு இறுகியிருந்தது.

அப்போதுதான் கவனித்தான். அச்சில் மூக்கு ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிட்டுத்தான் ஊற்றுவார்கள். வார்த்து எடுத்ததும் துளைத்துத் திறக்க வேண்டும். அதை மறந்திருந்தான்.

கெசியாவும் மூச்சு கிடைக்காமல்தான் இறந்தாள்.

தாளை விலக்கினான். டிரில்லை எடுத்து இரண்டு துளை போட்டான்.

எங்கோ ஒரு பெருமூச்சு.

மழைக்காகத் தாளை மறுபடி தளர்வாகப் போர்த்தினான்.

வண்டிக்காரர் லோகநாதன் வந்தார். “பொணத்த ஏத்திகினு போறேன்னு வூட்ல சொன்னா சோறு போட மாட்டா சார்,” என்று சிரித்தபடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“சார். இது உன் வூட்டம்மா.”

“பொம்மைண்ணா.”

“நீயே வச்சிக்க சார். யூனிஸ் அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“வாக்கு குடுத்துட்டேன். ஏத்துங்க. மூடி மட்டும் போட வேணாம்.”

வண்டி போனது. பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“சார், உள்ள மோட்டார் எதுனா வச்சிகீறியா?” லோகநாதனின் குரல் தணிந்திருந்தது.

“இல்லண்ணா.”

“மூக்காண்ட கண்ணாடித்தாள் வேர்க்குது சார். தொடச்சா மறுபடி வேர்க்குது. உள்பக்கமா.”

ஷெர்வின் துடைப்பத்தைக் கீழே வைத்தான்.

“தாளை எடுத்துடுங்க.”

தாள் கசங்கும் ஓசை கேட்டது. போனுக்கு மிக அருகில் யாரோ ஆழமாக மூச்சை இழுத்தார்கள். விட்டார்கள். மறுபடி இழுத்தார்கள்.

ஷெர்வினின் கண்ணில் நீர் வழிந்தது.

“வண்டியத் திருப்புங்கண்ணா,” என்றான்.