மூத்தவர் திரையில் ஒரு பொத்தான் குறைவு

மே ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, சலவைக் கடையின் மாடி வீட்டில், சாப்பாட்டு மேஜை மேலிருந்த மடிக்கணினியில் மூத்தவரின் பெயரில் நுழைந்தால் ஒரு வட்டப் பொத்தான் வந்தது. அவர் மனைவியின் பெயரில் நுழைந்தால் இரண்டு வந்தன.

“என் கடை! எனக்கு ஒண்ணு, இவளுக்கு ரெண்டா?” மூத்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “முந்தாநாள் எனக்கும் ரெண்டு இருந்துச்சே!”

“மாமா, அது... ஒரு பாதுகாப்புக்காக...”

“யார்கிட்டேருந்து பாதுகாப்பு? வேலியே பயிரை மேயும்னு நினைச்சியா?”

இழுத்து இழுத்துப் பதில் சொன்னவள் அவருடைய தம்பியின் மனைவி. முதுகலைக் கணினிப் படிப்பில், நிறுவனங்களுக்கு வலைச்செயலி உருவாக்கும் பாடத்தின் இறுதி வேலையாக இந்தக் கடைக்கே ஒன்று எழுதியிருந்தாள். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை அழிக்கலாம் என்று வகுப்பதுதான் அந்தப் பாடத்தில் பாதி. பச்சை வட்டத்தை அழுத்தினால் துணி கணக்கில் ஏறும். சிவப்பை அழுத்தினால் ரத்தாகும். முந்தாநாள் ஒத்திகையில் மூத்தவர் வந்த துணியையெல்லாம் ரத்து செய்துகொண்டே போனார்.

அன்று மாலை மூத்தவரின் மனைவியான ஓரகத்தி அவளை இஸ்திரி அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். “அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்டி. கல்யாணமான நாள்லேருந்து நான்தான் கலர் பார்த்துத் துணிக்கு அடையாளச் சீட்டு கட்டறேன். சலவைக்கடைக்காரருக்கு நிறம் தெரியாதுன்னா எவன் துணி போடுவான்? அவர் தம்பிக்கே தெரியாது. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தாள். சிவப்பு வட்டத்தை மூத்தவர் திரையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“காரணத்தைச் சொல்லேன், ஏன் மென்னு முழுங்கறே?” என்றான் இப்போது மேஜையருகே நின்ற அவள் கணவன். “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? படிப்பு தலைக்கேறிடுச்சு!”

அவள் ஓரகத்தியைப் பார்த்தாள். ஓரகத்தி துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உன் பரீட்சைக்கு வேற முதலாளியைப் பிடிச்சுக்கோ!” என்று சொல்லிவிட்டு மூத்தவர் கடைக்கு இறங்கினார்.

பதினொரு மணிக்கு இறுதி மதிப்பீடு. கடைக்காரரே வந்து செயலியை இயக்கிக் காட்டவேண்டும்; வராவிட்டால் மதிப்பெண் கிடையாது, படிப்பு நின்றுவிடும். மாமனார் படுக்கையில் விழுந்தபோது ஒருமுறை படிப்பை நிறுத்தினாள். இஸ்திரிக்கு ஆள் இல்லாமல் போனபோது இன்னொருமுறை. மூன்றாவது முறை நிறுத்தினால் திரும்பச் சேர்க்கமாட்டோம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள்.

“ஒரு வார்த்தை பேசக் கூடாதாக்கா?” என்றாள் மாடிப்படியில். “உங்க வீட்டுக்காரர் மானம் போகக் கூடாது. என் படிப்பு போகலாம். அப்படித்தானே?”

ஓரகத்தி அழுதாள். அழுகை பதிலாகிவிடுமா? அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

பத்தே முக்காலுக்குத் துறை வாசலில் மூத்தவர் நின்றார், பின்னால் மனைவி. “கடை பேர் கெடக் கூடாதுன்னு வந்தேன். உனக்காக இல்ல.”

பேராசிரியை திரையைப் பார்த்தார். “முதலாளிக்கு ரத்து செய்யற வசதி இல்லையே, ஏன்?”

“என் தவறு, மேடம்.”

“தவறா, யோசிச்சு செஞ்சதா? இந்தக் கேள்விக்குத்தான் மார்க் அதிகம்.”

“தவறுதான், மேடம்.” பேராசிரியை எழுதத் தொடங்கினார்.

“ஐயோ, போதும்!” ஓரகத்தி வாய்விட்டுக் கதறினாள். “அவ காரணத்தைச் சொல்லமாட்டா. நான்தான் சத்தியம் வாங்கினேன்!”

மூத்தவர் மனைவியைப் பார்த்தார். பிறகு திரையை. அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

“எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாதுங்க மேடம்,” என்றார் மெதுவாக. “காலையில இவளை என்னென்னவோ பேசினேன்... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல.”

“அதனால என்ன? வருஷா வருஷம் என் வகுப்புலயே இப்படி ஒருத்தர் இருப்பார்,” என்றார் பேராசிரியை. “ஏம்மா, வெறும் வட்டத்தை வெச்சே? பொத்தான்மேல பேரை எழுதினா முடிஞ்சது!”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கேயே உட்கார்ந்து ‘ஏற்பு’, ‘ரத்து’ என்று எழுதினாள். மூத்தவர் ஒரு மாதிரி ஆர்டரை ஏற்றார். இன்னொன்றை ரத்து செய்தார். இரண்டும் சரியாக நடந்தன.

வெளியே நடைவழியில் ஓரகத்தி அவள் கையைப் பிடித்தாள். “கோபமாடி?”

“ஆமா. நிறைய.” கையை உதறினாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

“தம்பிகிட்ட நானே சொல்லிக்கறேன்,” என்றார் மூத்தவர். “நீ மன்னிச்சுக்கோம்மா.”

வடிவமைப்புக்கான மதிப்பெண்ணில் பாதி குறைக்கப்பட்டது. அவள் தேர்ச்சி பெற்றாள். ஜூலையில் கடைசிப் பருவத்தில் சேர்ந்தாள்.