வாலைச் சேர்த்துப் பிடி

படகு வைத்திருக்கிற எல்லோரிடமும் ஓர் அட்டை இருக்கும். மீன் பிடிப்பதற்கான அனுமதி அட்டை. நனையாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அதில் சிவப்புக் கோடு விழாதவரை யாரும் அதை வெளியே எடுத்துப் பார்ப்பதில்லை.

அளவில் சிறிய மீனைப் பிடித்து வந்தால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் படகு முப்பது நாள் கரையிலேயே கிடக்க வேண்டும்.

நெத்திலியின் அப்பாவுக்கு இரண்டு கோடு விழுந்திருந்தது.

நெத்திலிக்குப் பத்து வயது. ஒல்லியாக இருப்பாள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். அதனால் அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. துறைமுகத்தில் அது யாருக்கும் தெரியாது.

இரண்டு கோடும் பாறை மீனால் வந்தவை. பாறை நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது. ஒரு தடவையாவது முட்டையிட்ட பிறகுதான் அதைப் பிடிக்கலாம் என்பது சட்டம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். குஞ்சுகளை எல்லாம் அள்ளிவிட்டால் அடுத்த வருஷம் வலையில் தண்ணீர்தான் வரும்.

அப்பாவும் இதை மறுக்கவில்லை. படகின் விளிம்பில் கத்தியால் ஒரு கோடு வெட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு பாறையையும் அங்கே வைத்துப் பார்ப்பார். கோட்டை எட்டாததைக் கடலிலேயே விட்டுவிடுவார். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தும் இரண்டு கோடு.

"அவன் வெச்சிருக்கறது கள்ளக்கோல்" என்றார் அப்பா. அவருக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

'அவன்' என்றது புதிதாக வந்த மீன்துறை ஆய்வாளரை. அவர் உயரமாக இருப்பார். வளையவே மாட்டார். கையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும். துறைமுகம் அவருக்கு முழக்கோல் என்று பெயர் வைத்துவிட்டது. வந்த முதல் வாரமே, பறிமுதல் செய்த சின்ன மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துத் தின்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. அவர் கோபத்தோடு அலுவலகக் குளிர்பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். ஒவ்வொரு மீனிலும் சீட்டுக் கட்டி, தேதி எழுதி வைத்திருந்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் ஒண்ணுகூடக் குறையக் கூடாது. அதான் உத்தரவு" என்றார். அதற்குப் பிறகும் பாதிப் பேர் நம்பவில்லை.

பாறை கரைப்பக்கம் வருவது வருஷத்தில் ஆறே வாரம். அதில் முப்பது நாள் படகு கட்டிக் கிடந்தால், அப்பா வெளியூருக்கு மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். எப்போது திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது. நெத்திலிக்கு அது பிடிக்கவில்லை.

போகாமல் வீட்டில் இருந்தால் அது வேறு தொல்லை. அப்பா கை சும்மா இருக்காது. போன வருஷம் இயந்திரம் கெட்டுப் பத்து நாள் வீட்டில் இருந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை ரிப்பேர் செய்தார். அந்தக் கடிகாரம் இப்போது மூன்று டப்பாக்களில் இருக்கிறது.

சனிக்கிழமை காலை. ஏலக்கூடத்தின் சிமெண்டுத் தரை முழுக்கத் தண்ணீர். ஐஸ்காரர் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். ஏலம் போடுகிறவள் நெத்திலியின் அத்தை, அப்பாவுக்கு அக்கா. அவளை மைக் அத்தை என்பார்கள். அவள் தொண்டைக்கு மைக் தேவையில்லை என்பதுதான் காரணம்.

முழக்கோல் வந்தார். அப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு பாறையை எடுத்தார். மேசையில் கிடத்தினார். கோலை வைத்தார்.

"முப்பத்தொம்பதரை" என்றார்.

அப்பாவின் முகம் கறுத்தது. "திரும்ப அளங்க."

"அளந்தாச்சுங்க. நாலு தடவை அளந்தா மீன் வளந்துடுமா?"

"அதான் செத்துப்போச்சே, எப்படி வளரும்?" என்றாள் அத்தை. நாலு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"படகுல அளந்தப்ப நாப்பது இருந்துச்சு. உங்க கோல் கள்ளக்கோல்!"

"வார்த்தையை அளந்து பேசுங்க!"

முழக்கோல் சிவப்புப் பேனாவை எடுத்தார். அப்போது அவருடைய இடுப்பு உயரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சார், அந்தக் கோலை ஒரு நிமிஷம் குடுங்க."

"எதுக்கு?"

"கள்ளக்கோலா இல்லையான்னு பாத்துடலாமே. நல்ல கோலா இருந்தா உங்களுக்குத்தானே நல்லது?"

அவர் கோலைத் துடைத்துக் கொடுத்தார்.

நெத்திலி தன் பையிலிருந்து பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்தாள். கோலின் பக்கத்தில் வைத்தாள். முப்பதுக்கு முப்பது சரியாக இருந்தது. நகர்த்தி வைத்தாள். மீதியும் சரி. நுனி தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். தேயவில்லை.

"கோல் சரியாத்தான் இருக்கு அப்பா."

அப்பா ஐஸ்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப திருப்தியா?" என்றார் முழக்கோல்.

"இல்ல சார். இன்னும் ஒண்ணு பாக்கணும்."

சொல்லிவிட்டுக் கோலோடு ஓடினாள்.

"ஏய்! அது அரசாங்கக் கோல்!" என்று முழக்கோல் பின்னால் ஓடினார். அவர் ஓடி அன்றுதான் துறைமுகம் பார்த்தது.

நெத்திலி படகில் குதித்தாள். அப்பா வெட்டிய கோட்டை அளந்தாள். மிகச் சரியாக நாற்பது. மூச்சு வாங்க வந்து நின்ற முழக்கோலும் குனிந்து பார்த்தார். மறுக்க முடியவில்லை.

இருவரும் ஏலக்கூடத்துக்குத் திரும்பினார்கள்.

"சார் கோலும் சரி. அப்பா கோடும் சரி" என்றாள் நெத்திலி.

"அப்ப மீன்தான் பொய் சொல்லுதாடி?" என்றாள் அத்தை.

"தெரியல அத்தை. ரெண்டு பேரும் ஒரு தடவை அளந்து காட்டட்டும்."

முதலில் முழக்கோல். மீனைத் தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோல மெல்லக் கிடத்தினார். முப்பத்தொன்பதரை.

அடுத்தது அப்பா. மீனை மேசையில் அறைந்தார். வாலை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்தார். நாற்பதும் கொஞ்சமும்.

நெத்திலி வாலையே பார்த்தாள். பாறையின் வால் கத்தரிக்கோல் மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். கத்தரிக்கோலை விரித்தால் நீளம் குறையும். மூடினால் கூடும்.

"அப்பா, நீங்க ஏன் வாலைச் சேத்துப் பிடிக்கிறீங்க?"

"எங்கப்பா அப்படித்தான் பிடிச்சார்."

"சார், நீங்க ஏன் விரிச்சே விட்டுடுறீங்க?"

"இதுக்கு முன்னாடி இருந்த அலுவலகத்துல எல்லாரும் அப்படித்தான் அளந்தாங்க."

"சட்டத்துல எப்படிப் போட்டிருக்கு?"

அப்பா முழக்கோலைப் பார்த்தார். முழக்கோல் கோலைப் பார்த்தார்.

"சட்டப் புத்தகம் தலைமை அலுவலகத்துல இருக்கு" என்றார் கடைசியில்.

"இங்க பலகை இருக்கணுமே சார். எங்க பள்ளிக்கூடத்துல செருப்பைக் கழட்டறதுக்கே ஒரு பலகை இருக்கு."

ஐஸ்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரு பலகை இருந்துச்சு. மழைக்கோட்டுக்குப் பின்னால."

ஏலக்கூடத்தின் பின்சுவரில் மழைக்கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. யாரோ ஒரு புண்ணியவான் பலகையின் மரச்சட்டத்திலேயே கொக்கிகளை அடித்திருந்தார். நெத்திலி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டாள். ஒரு கோட்டின் பையிலிருந்து சாவி ஒன்று விழுந்தது.

"என் சாவி!" என்றார் ஐஸ்காரர். "ஒரு வருஷமா இவனைத்தான் திருடன்னு சொல்லிட்டிருந்தேன்!" பக்கத்தில் நின்ற தராசுக்காரர் அவரை முறைத்தார்.

கடைசியாக இருந்தது அத்தையின் கோட்டு. கூடாரம் மாதிரி இருந்தது. அதையும் எடுத்த பிறகு பலகை தெரிந்தது. நெத்திலி சத்தமாகப் படித்தாள்.

"மீனின் வாயை மூட வேண்டும். வாலின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மூக்கு நுனி முதல் வால் நுனி வரை அளக்க வேண்டும்."

"பாத்தீங்களா!" அப்பா துள்ளிக் குதித்தார். "வாலைச் சேத்துப் பிடிக்கணும்! எங்கப்பா சட்டம் படிக்காமலே சட்டப்படி அளந்திருக்கார்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. முழக்கோல் பேனாவை மூடப் போனார்.

நெத்திலி மேசையில் கிடந்த மீனைப் பார்த்தாள். அது கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து கிடந்தது. உதடு ஒரு விரல் அகலம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். வால் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் யார் காதிலும் விழவில்லை. ஆனால் பாதிப் பலகையைப் படிப்பதற்கு அத்தனை மழைக்கோட்டையும் கழற்றியிருக்க வேண்டியதில்லை.

"அப்பா, வாயையும் மூடணும்."

"என்ன?"

"முதல் வரி அதுதான்."

அப்பா பலகையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு வாலைச் சேர்த்துப் பிடித்தார். நெத்திலி இரண்டு விரலால் மீனின் வாயை மூடினாள். முழக்கோல் குனிந்தார்.

"நாப்பதுக்கு ரெண்டு மில்லிமீட்டர் குறையுது" என்றார்.

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"சொந்தக் காசுலயே சூனியம் வெச்சுக்கிட்டியேடி!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது கோடு. அப்பா அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். முழக்கோல் பேனாவைத் திறந்தார். ஆனால் உடனே எழுதவில்லை.

"சார்" என்றாள் நெத்திலி. "இதைச் சரியா அளந்துட்டோம். இது சின்ன மீன்தான். ஆனா முதல் ரெண்டு மீனையும் வாலை விரிச்சுத்தானே அளந்தீங்க?"

"ஆமா."

"அதையும் பலகையில இருக்கற மாதிரி அளக்கணும்ல?"

"அது போன வாரத்து மீன்மா."

"குளிர்பெட்டியில இருக்குமே. ஒண்ணுகூடக் குறையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முழக்கோல் அலுவலகத்துக்குப் போய் இரண்டு பாறைகளை எடுத்து வந்தார். சீட்டில் அப்பா படகின் எண் இருந்தது. மேசையில் வைத்தபோது செங்கல் வைத்தமாதிரி சத்தம் கேட்டது.

அப்பா வாலைப் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க! உறைஞ்சு கிடக்கு, இப்ப அமுக்கினா ஒடிஞ்சுடும்" என்றார் முழக்கோல்.

ஆகவே ஒரு வாளியில் கடல்தண்ணீர் பிடித்து இரண்டு மீனையும் அதில் போட்டார்கள். ஒரு பக்கம் அப்பா உட்கார்ந்தார். மறுபக்கம் முழக்கோல். நடுவில் வாளி. ஏலம் முடிந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

"காலம் பூரா ஐஸ் கரையக் கூடாதேன்னு கவலைப்பட்டவன் நான்" என்றார் ஐஸ்காரர். "எப்படா கரையும்னு காத்திருக்கறது இன்னைக்குத்தான்."

ஒரு மணி நேரம் கழித்து வால் இளகியது. வாயும் இளகியது. அப்பா வாலைப் பிடித்தார். நெத்திலி வாயை மூடினாள். முழக்கோல் கோலை வைத்தார்.

"நாப்பதும் மூணு மில்லிமீட்டரும்."

அத்தை போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

இரண்டாவது மீன். முழக்கோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குனிந்து, மூக்கு கோலில் இடிக்கும் அளவுக்குப் பார்த்தார்.

"சரியா நாப்பது" என்றார்.

"ஐஸ்ல கிடந்து கொஞ்சம் சுருங்கியிருக்கும். இல்லன்னா இன்னும் இருக்கும்" என்று முணுமுணுத்தார் அப்பா.

முழக்கோல் அட்டையை எடுத்தார். பழைய கோடுகள் இரண்டின் மேலும் 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, கீழே புதிதாக ஒரு கோடு போட்டார்.

"அந்த ரெண்டும் என் தப்பு" என்றார். "இது ஒண்ணு உங்களது."

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். ஒரு கோடு. படகு திங்கட்கிழமை கடலுக்குப் போகும்.

"சரிதான். நானும் பாதிதான் சரியா அளந்திருக்கேன்" என்றார். அப்பா இப்படிச் சொல்லி நெத்திலி கேட்டதே இல்லை.

"எல்லாம் இருக்கட்டும்" என்றாள் அத்தை. "மத்தவங்க அட்டையில போட்ட கோடு என்ன ஆச்சு?"

ஒன்பது பேர் சட்டைப்பைக்குள் கையை விட்டார்கள்.

முழக்கோல் பெருமூச்சு விட்டார். குளிர்பெட்டியை மொத்தமாகக் காலி செய்தார். அன்று சாயங்காலம்வரை துறைமுகத்தில் வாளி போதவில்லை. சிலருக்குக் கோடு அழிந்தது. சிலருக்கு அப்படியே இருந்தது. அழியாதவர்கள் கொஞ்சம் திட்டினார்கள். ஆனால் கள்ளக்கோல் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கீழே குவிந்து கிடந்த மழைக்கோட்டுகளைத் திரும்ப மாட்ட வேண்டியிருந்தது. பலகையை மறைத்து மாட்ட நெத்திலி விடவில்லை.

"எதிர்ச் சுவர்ல கொக்கி அடிச்சாத்தான் முடியும்" என்றார் முழக்கோல்.

"சுத்தியலைக் கொண்டாம்மா" என்றார் அப்பா.

நெத்திலிக்கு அந்த மூன்று டப்பாக் கடிகாரம் ஞாபகம் வந்தது. ஆனால் தடுக்கவில்லை. முழக்கோல் அளந்து குறி வைத்தார். அப்பா அடித்தார். அவள் ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா கை வைத்தும் கெட்டுப்போகாமல் இருப்பது இந்த உலகத்தில் அந்தக் கொக்கிகள் மட்டும்தான். அத்தையின் மழைக்கோட்டைக்கூடத் தாங்குகின்றன.