கதவுத் தாளில் ஈரம்

நாட்டின் எல்லையில் ஓடும் அம்னோக் ஆற்றங்கரையில், ஊரதிகாரி கைவிட்டு ஓடியிருந்த பழைய மாளிகைக்கு, அரசரின் உடைப்பெட்டிகள் அவருக்கு முன்பே வந்து சேர்ந்தன. பெட்டிகளுக்குப் பொறுப்பான பணிப்பெண் பியோவும், அரண்மனை அலுவலர் கூ தோக்சுவும் உடன் வந்திருந்தனர். தலைநகர் எரிந்து இருபது நாட்களாகியிருந்தன. பதின்மூன்று வயது அரசர் வந்ததும், உறைந்த ஆற்றைக் கடந்து அக்கரை நாட்டில் அடைக்கலம் புகுவதாக ஏற்பாடு.

நண்பகலில் ஒரு வீரன் மட்டும் வந்தான். அவன் கையில் நனைந்து தொங்கிய அரசரின் மேலங்கியைப் பியோ வாங்கிக்கொண்டாள். வழியில் வேறோர் ஆற்றின் பனிக்கட்டி பிளந்து, அரசர் உள்ளே மூழ்கிவிட்டாராம்.

"அங்கியைக் குடுங்க, பியோ அம்மா. வெளிச்சம் இருக்கறப்பவே கூரைல ஏறி, அவர் உயிரைத் திரும்பக் கூப்பிடணும்" என்றார் கூ.

"மூக்குல பஞ்சு வெச்சு, மூச்சு நின்னுடுச்சான்னு பாக்காம உயிரைக் கூப்பிடக்கூடாது, ஐயா."

"உடம்பே ஆத்தோட போச்சு. பஞ்சை மீனுக்கா வெக்கிறது?"

பியோ கொடுத்தாள். கூ கூரைமீது ஏறி, அங்கியைக் கழுத்துப்பட்டையில் பிடித்து, வடக்கு நோக்கி மும்முறை கூவினார்.

"திரும்பி வாங்க, அரசே!"

மூன்றாம் முறை, காற்றே இல்லாதபோது அங்கியின் கைகள் இரண்டும் உப்பின.

உடலைக் கிடத்தவேண்டிய உள்ளறையில் அங்கியைக் கிடத்திக் கதவைச் சாத்தினர்.

பொழுது சாயும் வேளையில், விறகுவெட்டி ஒருவன் அரசரை முதுகில் சுமந்துகொண்டு வாயிலில் நின்றான். அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு நீரிலிருந்து கரையேறினாராம். பியோ மண்ணில் விழுந்து அழுதாள்.

"ஏன் அழற, பியோ? பசிக்குது" என்றார் அரசர்.

கடுங்குளிர். விறகுவெட்டியின் வாயிலிருந்து ஆவி பறந்தது. கூவின் வாயிலிருந்தும் பறந்தது.

அரசர் வாயிலிருந்து ஏதும் வரவில்லை.

பியோ திரும்பிப் பார்த்தாள். உள்ளறைக் கதவின் மரச்சட்டத்தில் ஒட்டிய மெல்லிய தாளில், ஒரு சிறுவனின் வாயளவு உயரத்தில், உள்ளங்கையகலம் ஈரம் படிந்திருந்தது. அது விரிந்தது, சுருங்கியது.

மூச்சு.

"உள்ள யாரு?" என்றார் கூ.

"நீங்க கூப்பிட்டவங்கதான்" என்றாள் பியோ.

அங்கியை எடுத்து அரசருக்கு அணிவித்துவிட்டால் போன உயிர் மீளும் என்று பியோ நம்பினாள். உள்ளே அங்கி, கிடத்தியபடியே கிடந்தது. கழுத்துப்பட்டையில், சற்றுமுன் ஓர் உடலிலிருந்து கழற்றியதைப் போன்ற இளஞ்சூடு. தூக்கினாள். அசையவில்லை. கூவும் சேர்ந்து இழுத்தார். ஒரு சிறுவனின் பாரம் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வாயிலில் நின்ற அரசரின் உதடுகள் மூடியிருந்தன. அவர் குரல் அறைக்குள் கேட்டது.

"திரும்பி வரச் சொன்னீங்க. வந்துட்டேன். இனி எங்கயும் போகமாட்டேன்."

தொலைவில் பகைவரின் முரசு ஒலித்தது. அதற்குமேல் நிற்க இயலாமல், அங்கியை அங்கேயே விட்டுக் கிளம்பினர். அரசர் பனிக்கட்டியின்மீது நடந்தார். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கரையில் அவர் உண்டார், உறங்கினார், நீட்டிய ஆவணங்களிலெல்லாம் முத்திரையிட்டார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பியோ பெட்டியைத் திறந்து பெரிய அளவுக்குத் துணி எடுத்துவைப்பாள்; வெட்டாமலே மடித்துவைப்பாள். பதின்மூன்று வயதில் தைத்த உடை மணிக்கட்டுவரை கச்சிதமாகப் பொருந்திக்கொண்டேயிருந்தது. ஒரு தையலைக்கூட அவள் பிரிக்க நேரவில்லை.

ஆறாம் ஆண்டு போர் ஓய்ந்தது. அரியணையில் வேறொருவர் அமர்ந்தார், அழைப்பு வரவில்லை. அங்கியைக் கொண்டுவர கூ தனியே ஆற்றைக் கடந்தார். மறுநாள் வெறுங்கையோடு திரும்பினார்.

"வீடு எரிஞ்சு போச்சு, பியோ அம்மா. அந்தக் கதவு மட்டும் நிக்குது."

"அங்கி?"

"இல்ல. கதவுக்குப் பின்னால வெறும் வானம்தான். ஆனா தாள் ஈரமா இருக்கு."

"எந்த உயரத்துல?"

"அன்னிக்கு இங்க" என்று கூ முதலில் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையை மெல்ல உயர்த்தினார். அது அவர் கண்களுக்கு நேரே வந்து நின்றது.